துரைசாணி மெட்டு

சங்கத்தின் வரலாற்றை நான்தான் எழுதுவேன் என்று கமிட்டிக் கூட்டத்தில் நானே கையைத் தூக்கிச் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் முதல் பக்கத்தில் தலைவர் படம், இரண்டாம் பக்கத்தில் தலைவர் வாழ்த்து, மிச்சமெல்லாம் விளம்பரம் என்று முடித்திருப்பார்கள். தொண்ணூறு வருஷச் சங்கம் இது. இரண்டாக உடையாமல் தொண்ணூறு வருஷம் ஓடிய தமிழ்ச் சங்கத்தை எங்கேயாவது காட்டுங்கள், பார்க்கலாம். நான் திலகா, பதினெட்டு வருஷமாக இதற்குச் செயலாளர். செனாவாங்கில் எலக்ட்ரானிக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் சரக்கில் குறை கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவள். வேலையை விட்டுவிட்டேன், குணம் விடவில்லை என்று என் மகள் ரோகினி சொல்வாள்.

சங்கத்தின் பெயர் வெள்ளக்கல் ஸ்காட்டிஷ் பிடில் சங்கம். முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தம்பின் ஊருக்குப் போகும் சாலையில் வெள்ளக்கல் ரப்பர் தோட்டம் என்று ஒன்று இருந்தது. இப்போது அதில் பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி தாமான் என்று மலாயில் சொல்கிற குடியிருப்பு வீடுகள். 1934இல் அங்கேயிருந்த நான்கு ஸ்காட்லாந்துத் துரைமார்கள், சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் உட்கார்ந்து தங்கள் ஊர்ப் பாட்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டே வருஷத்தில் ஒருவர் கப்பலேறினார், ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். மிச்சமிருந்த இரண்டு பிடிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய துரை, ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி நல்லசாமியைக் கூப்பிட்டனுப்பினார். நல்லசாமி தோட்டத்துப் பஜனையில் பிடில் வாசிக்கிறவர். அவர் தன்னோடு இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனார்.

கிளப்பில் தமிழர்களுக்கு நாற்காலி கிடையாது. துரைமார் உள்ளே நாற்காலியில், நம் ஆட்கள் வராந்தாவில் தரையில். நடுவில் ஒரு கதவை வைத்துக்கொண்டு ஒரே பாட்டை வாசித்தார்கள். அவமானம்தான். வரலாற்றில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஆறு மாதத்தில் துரைமார் நாற்காலியைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள், வெளியில்தான் தாளம் சரியாக நின்றது என்பதால். அதையும் எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் நாங்கள் தரையில் சப்பணமிட்டு, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றித்தான் வாசிக்கிறோம். ஆனால் இப்போது அது எங்கள் இஷ்டம்.

வெள்ளைக்காரர்களின் நோட்டேஷன் யாருக்கும் தெரியாது. நல்லசாமி ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, ஆள் கணக்கு எழுதுகிற செக்ரோல் தாளின் பின்பக்கத்தில் ச ரி க ம என்று எழுதிக்கொண்டார். சுண்டிச் சுண்டிப் போகிற மெட்டுக்கு ‘வெட்டு’ என்றும், நிற்காமல் சுற்றுகிற மெட்டுக்கு ‘ஓட்டம்’ என்றும் பெயர் வைத்தார். ஆள் கணக்கெடுப்பதும் தோட்டத்து முறைதான். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடுவது மாதிரி, வாசிப்பதற்கு முன்னால் தலைவர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். வாயால் பதில் சொல்லக்கூடாது. வில்லைப் போட்டு ஒரு தந்தியை இழுக்க வேண்டும். சுருதி சேர்க்காமல் வந்தவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். பதில் கொடுத்துவிட்டால் அன்றைக்கு நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம், வாசித்து முடியும்வரை உங்களை யாரும் எழுப்ப முடியாது.

சப்பான்காரன் வந்தான், போனான். துரைமார் திரும்பி வந்தார்கள், அவர்களும் போனார்கள். கடைசித் துரை 1961இல் பிடில் அலமாரிச் சாவியை நல்லசாமி கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சங்கம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இப்போது இருபத்தாறு பேர் வாசிக்கிறோம். பெரும்பாலும் ஷிப்டு வேலைக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மம்பாவ் மண்டபத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும். சேரக் காத்திருப்பவர்கள் ஒன்பது பேர். அவர்கள் காத்திருக்கட்டும், எங்களுக்கு அவசரமில்லை.

நல்லசாமியின் நோட்டில் அறுபத்து மூன்று மெட்டுகள் இருக்கின்றன. பதினேழாவது, துரைசாணி மெட்டு. 1938இல் பெரிய துரையின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கப்புறம் துரை சாயங்காலம் பங்களாவில் தனியாக உட்கார்ந்து ஒரே பாட்டை வாசித்துக்கொண்டிருப்பாராம். வேலியோரம் நின்று கேட்ட நல்லசாமிக்கு அது சுத்தமான மோகனமாகக் கேட்டது. மோகனம் என்றால் நமக்கு மங்களம், கல்யாணக் களை. செத்துப்போன மனைவியை நினைத்துக்கொண்டு துரை தன் கல்யாணப் பாட்டை வாசிக்கிறார் என்று கிராணி முடிவு கட்டிவிட்டார். கேட்டிருக்கலாம்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த துரையிடம் எந்தக் கிராணி போய்க் கேட்பான்? எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷம் கங்காணி வீட்டுக் கல்யாணத்தில், தாலி ஏறி கெட்டிமேளம் ஓய்ந்ததும் அதை வாசித்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் விரல் கோத்து அக்கினியைச் சுற்றி வந்தார்கள். துரையும் வந்திருந்தார். நல்லசாமி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்: ‘துரை அழுதார். சந்தோஷம்.’ அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாலி ஏறியதும் துரைசாணி மெட்டு, மூன்று சுற்று.

என் கல்யாணத்துக்கும் வாசித்தார்கள். 1992. எட்டு மாதத்தில் என் வீட்டுக்காரர் தேவன் காலை ஷிப்டுக்கு மோட்டாரில் போனவர் திரும்பி வரவில்லை. ரோகினி அப்போது வயிற்றில். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் சங்கத்துக்குத் திரும்பிப் போனேன். பத்து வயதிலிருந்து வாசிக்கிறவள், வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. முதல் கல்யாணத்திலேயே மணவறைக்குப் பக்கத்தில் பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே என்று பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பெண்ணின் அத்தை என்னிடமே நேராக வந்தாள். அப்போதுதான் தலைவராகியிருந்த இராஜமாணிக்கம் அண்ணன், லோரி ஓட்டுகிற குரலில் சொன்னார்:

“பேரு கூப்ட்டாச்சு, அது பதில் குடுத்தாச்சு. ஆளு வேலையில இருக்கு. எளுப்ப முடியாதும்மா.”

அத்தை போய்விட்டாள். அன்றிலிருந்து மணவறைக்கு ஆறடி தூரத்தில் உட்கார எனக்கிருக்கிற ஒரே உரிமை அந்தப் பிடில்தான். பிடிலை எடுத்துவிட்டால் நான் கடைசி வரிசை நாற்காலி.

இந்த ஆவணியில் ரோகினிக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை குணாளன், தம்பின் ஊர்ப் பையன், தங்கமானவன். தாரை வார்த்துக் கொடுப்பது தேவனின் தம்பியும் அவர் மனைவியும் என்றார்கள், சரி என்றேன். நலுங்குக்கு நான் நிற்கக்கூடாது என்றார்கள், அதற்கும் சரி என்றேன். என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் ஆறடி தூரத்தில் இருப்பேன், அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் எப்படி நடந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மோராக் வந்து சேர்ந்தார். ஸ்காட்லாந்தில் ஒரு கடற்கரை ஊரின் பிடில் சங்கத்துச் செயலாளர். அறுபது வயதிருக்கும், என்னைப் போலவே ஒரு ஃபைலும் ஒரு பேனாவுமாக அலைகிற பிறவி. எங்கள் சங்கத்தைப் பேஸ்புக்கில் பார்த்து, நம்பாமல், ஆறு மாதம் எனக்கு மெசேஜ் அனுப்பி, கடைசியில் நேரிலேயே வந்துவிட்டார். மண்டபத்தில் இருபத்தாறு பேர் தரையில் உட்கார்ந்து அவர் ஊர் ஓட்டத்தை வாசிப்பதைக் கண்டு கைதட்டிக்கொண்டே இருந்தார். எங்கள் வெட்டில் கொஞ்சம் கமகம் கலந்திருக்கிறது என்று சொன்னேன். கலந்தே இருக்கட்டும், எங்கள் ஊரில் இப்படி யாராலும் வாசிக்க முடியாது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையிலேயே, ரோகினி கல்யாணத்துக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று துரைசாணி மெட்டை ஆரம்பித்தோம். சங்கத்தில் ஜால்ரா போடுகிற ராக்கம்மா தாளத்தைத் தொடங்கினாள். முதல் சுற்று முடிவதற்குள் மோராக் எழுந்து நின்றுவிட்டார். இரண்டாவது சுற்றில் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறவர்களை எனக்குத் தெரியும், இது அதில்லை. நாங்கள் வாசிப்பதை நிறுத்தினோம்.

இந்தப் பாட்டை எப்போது வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். கல்யாணத்தில், தாலி ஏறியதும் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். அவர் ஊரில் இதற்கு ‘கரை விட்ட படகு’ என்று பெயராம். ஒருவர் இறந்து, பெட்டியை வீட்டிலிருந்து தூக்குகிற நேரத்தில் மட்டும்தான் வாசிப்பார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பாவை இதை வாசித்துத்தான் தூக்கினார்களாம். சொல்லிவிட்டு என் பிடிலைக் கேட்டு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் வைத்து வாசித்துக் காட்டினார். அதே ஸ்வரங்கள். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் நாங்கள் ஒரு சுற்று வாசிக்கிற நேரத்தில் அவர் கால் சுற்றுதான் வாசித்தார்.

இராஜமாணிக்கம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“மோகனத்துல போயி யாராச்சும் ஒப்பாரி வைப்பாங்களா லா?”

“அவங்க ஊர்ல வைப்பாங்க போல அண்ணே” என்றேன்.

“அந்தத் துரையாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

நான் அதைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். கங்காணி வீட்டுப் பந்தலில் மனைவியின் சாவுப் பாட்டைக் கேட்டு அந்த மனுஷர் உட்கார்ந்திருக்கிறார். எதிரில் பூவும் மஞ்சளுமாக ஒரு பெண் சிரித்துக்கொண்டு சுற்றி வருகிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு நின்றிருக்கும். சொல்லவில்லை, நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது, நாற்காலி கொடுக்காத துரைதான். ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டுமல்லவா? ராக்கம்மாவுக்கு அவகாசம் தேவைப்படவில்லை. அவளுடைய அண்ணி வீடு தம்பினில், குணாளன் வீட்டுக்குப் பின் சந்தில், அடுத்த லோரோங். மறுநாள் காலை பத்து மணிக்கு என் சம்பந்தி மயிலம்மாளிடமிருந்து போன் வந்தது.

“சம்பந்திம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. பொணம் தூக்குற பாட்டாமே அது? ராக்கம்மா அண்ணி சொன்னிச்சு.”

“அவங்க ஊர்ல அப்படி. நம்ப ஊர்ல எம்பத்தஞ்சு வருசமா கல்யாணப் பாட்டு.”

“இருக்கட்டும் லா. எனக்கு ஒத்தப் புள்ள. தெரிஞ்சே எப்படிச் செய்யிறது? அந்தப் பாட்டு வேணாம்.”

“சரி, வேற மெட்டு வாசிக்கிறோம்.”

“பிடிலே வேணாம்மா. எல்லாம் வெள்ளக்காரன் பாட்டு, எதுக்கு என்ன அர்த்தமோ யாரு கண்டா? மேளம் மட்டும் போதும். நீங்க பின்னால நம்ப சொந்தக்காரங்களோட நிம்மதியா உக்காந்து பாருங்க.” குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கும் அந்தப் பாட்டுதான வாசிச்சாங்க? நான் ஒன்னும் சொல்லல. ஊரு சொல்லும்.”

போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. மயிலம்மாள் மேல் கோபம் வந்தது, ராக்கம்மா மேல் அதைவிடக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்ன கணத்தில் எனக்கே தோன்றிவிட்டது, அதனால்தான் தேவன் போனாரோ என்று. ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷம் என்னிடமிருந்து வந்ததே என்றுதான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

ரோகினிக்குத் தெரிந்ததும் குதித்தாள். “நாங்கதான் ஏற்கனவே ரிஜிஸ்டர் பண்ணியாச்சே மா. அது போதும். மண்டபம் கேன்சல் பண்ணிரு.”

“வாய மூடு” என்றேன். “உனக்குத் தாலி ஏறும். நான் பாப்பேன்.”

இராஜமாணிக்கம் அண்ணனிடம் போனேன். அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கே தெரியும். இரண்டு வீட்டில் ஒரு வீடு வேண்டாமென்றால் சங்கம் வாசிக்காது, அது நல்லசாமி காலத்து விதி. பெரட்டே எடுக்காவிட்டால் நான் எதற்குப் பதில் கொடுப்பது? அண்ணன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“வரலாறு எழுதுறியே திலகா, அதுல இத விட்ருவோமா? அந்தம்மா ஊருக்குப் போயிரும். நாளாவட்டத்துல மறந்துருவாங்க.”

“விட மாட்டேன் அண்ணே. வராந்தாவ எழுதினவ இத எழுதாம விடுவேனா? கல்யாண ரெஜிஸ்டர எடுங்க.”

எங்கள் சங்கத்தின் பெரிய சொத்து அந்த ரெஜிஸ்டர்கள்தான். 1939 முதல் நாங்கள் போன ஒவ்வொரு கல்யாணமும் அதில் இருக்கிறது. தேதி, பெண், மாப்பிள்ளை, இன்னார் மகள், எந்தத் தோட்டம், என்ன மெட்டு, எத்தனை சுற்று, அன்றைக்கு யார் யார் பதில் கொடுத்தார்கள், எல்லாம். கம்பெனியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். குறை இருக்கிற பெட்டியை மட்டும் திறந்து பார்த்துவிட்டுக் காரணம் சொல்லாதே, எல்லாப் பெட்டியையும் திற. அண்ணன் நாற்பது வருஷம் இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் லோரி ஓட்டியவர். அவருக்குத் தெரியாத வீடு இல்லை. நான் பெயரைப் படிக்கப் படிக்க அவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“இவங்க ரெண்டு பேரும் எம்பது வயசு வரைக்கும் இருந்தாங்க. இவன் ரெண்டாந்தாரம் கட்டிக்கிட்டான், மொதப் பொண்டாட்டி அவன அடிச்சி வெரட்டிருச்சு. இவங்களுக்குப் பதினோரு புள்ள. இது பாவம், மூனாம் மாசமே போயிருச்சு. இவங்க தெனம் சண்ட போடுவாங்க, பசாருக்கு மட்டும் கைய புடிச்சிக்கிட்டு வருவாங்க.”

இரண்டு பகல் உட்கார்ந்தோம். அறுநூற்றுப் பதினொரு கல்யாணம். இருந்தவர்கள் இருந்தார்கள், போனவர்கள் போனார்கள், ஓடிப்போனவர்கள் ஓடிப்போனார்கள். உலகத்தில் எந்தக் கல்யாணங்களை எடுத்து எண்ணினாலும் அப்படித்தான் இருக்கும். என் பெட்டியில் மட்டும் குறை என்று அந்தப் பாட்டின் மேல் பழி போட அந்த ரெஜிஸ்டரில் ஒன்றுமே இல்லை. எனக்கு மூச்சு சீரானது. இரண்டாம் நாள் மத்தியானம், கடைசியாக எடுத்த ரெஜிஸ்டரில், 1986ஆம் வருஷப் பக்கத்தில், ஒரு வரியைப் படித்துவிட்டு நான் நிறுத்தினேன்.

“என்னா?” என்றார் அண்ணன்.

“வேனை எடுங்க. தம்பினுக்குப் போவணும்.”

நாங்கள் போனபோது மயிலம்மாளின் கணவர் மணியம் வாசலில் புறாக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். இராஜமாணிக்கம் அண்ணன் அவரோடு நின்றுகொண்டார். நான் உள்ளே போய், ரெஜிஸ்டரை மேசைமேல் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எம்பத்தாறு, ஆவணி பன்னண்டு. புக்கிட் மெலாத்தி தோட்டம். மண்டோர் சன்னாசி மகள் மயிலம்மாள். மாப்பிள்ளை மணியம். துரைசாணி மெட்டு, மூனு சுற்று.”

மயிலம்மாள் ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, வரியில் விரலை வைத்துப் பார்த்தார்.

“எங்கல்யாணத்துலயா? பிடில் சத்தம் கேட்டிச்சு, நெனவிருக்கு. தலைய குனிஞ்சுக்கிட்டே சுத்துனேன், யாரு வாசிச்சா, எத வாசிச்சான்னு எனக்கென்ன தெரியும்?”

“கீழ பாருங்க. பதில் கொடுத்தவங்க பேரு. ஏழாவது.”

அவர் வாசித்தார். “திலகா.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீங்களா?”

“எனக்குப் பதினேழு வயசு. எனக்கும் நெனவில்ல. ஆனா கையெழுத்து என்னோடது.”

மயிலம்மாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். மணியம் ஒரு புறாவைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் சிறகைப் பற்றி அண்ணனுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், பனியன் முதுகெல்லாம் ஈரம்.

“அப்ப, இந்த மனுசன் கூட நான் முப்பத்தெட்டு வருசமா மாரடிக்கிறதுக்கு நீங்கதான் காரணமா?” என்றார் மயிலம்மாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். “என்னா அங்க?” என்று மணியம் வெளியிலிருந்து கத்தினார். “ஒன்னுல்ல, நீங்க புறாவ பாருங்க” என்று இவர் பதிலுக்குக் கத்தினார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் முகம் மறுபடி மாறியது.

“சிரிச்சிட்டோம். ஆனா பயம் போவல சம்பந்திம்மா.”

“எனக்கும்தான் போவல. பெத்தவளுக்குப் பயம் எப்பப் போவும்? பாட்டு இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இருக்கும்.” அதற்கு மேல் நான் சுற்றி வளைக்கவில்லை. “ஆனா ஒன்னு சொல்றேன். எம்பொண்ணு களுத்துல தாலி ஏர்றப்ப நான் பின் வரிசையில உக்கார மாட்டேன். நீங்க பெத்தது ஒன்னு, நான் பெத்ததும் ஒன்னுதான். பக்கத்துல உக்கார எனக்கு வேற வழி இல்ல. பிடில விட்டா எனக்கு அங்க எடமில்ல.”

இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. மயிலம்மாள் ரெஜிஸ்டரை மூடி என் பக்கம் தள்ளினார்.

“வாசிங்க. அந்தப் பாட்டையே வாசிங்க. ஆனா நீங்க அளக்கூடாது. நீங்க அளுதீங்க, எனக்குத் தாங்காது, நான் எந்திரிச்சிப் போயிருவேன்.”

“அள மாட்டேன்.”

சுலபமான வாக்கு என்றுதான் நினைத்தேன். அறுநூற்றுப் பதினொன்றில் பாதிக்கு மேல் நான் வாசித்தது. கல்யாணத்தில் கண் கலங்குகிற பழக்கம் எனக்கு எப்போதோ விட்டுப்போய்விட்டது.

கல்யாணத்தன்று மம்பாவ் கோயில் மண்டபத்தில் உட்கார இடமில்லை. மோராக் புடவை கட்டிக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார், கால் மடங்கவில்லை, பிடிவாதமாக உட்கார்ந்தார். ராக்கம்மா மூன்று வாரமாக என் முகத்தைப் பார்க்காதவள் ஜால்ராவோடு என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். “அக்கா” என்றாள். “அப்புறம் பேசிக்கலாம், தாளத்த விட்றாத” என்றேன். பெயர் கூப்பிட்டார்கள். என் முறை வந்ததும் வில்லைப் போட்டு இழுத்தேன். மணவறையில் ரோகினி தலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். ஐயர் அவளைத் திரும்பச் சொன்னார்.

தாலி ஏறியது. குணாளன் முதல் முடிச்சை அவ்வளவு நேரம் போட்டான், பொறுமை போய்க் கத்திவிடுவேனோ என்று இருந்தது. கெட்டிமேளம் ஓய்ந்தது. நாங்கள் ஆரம்பித்தோம்.

முதல் சுற்றில் ரோகினியின் கால்களை மட்டும் பார்த்தேன். மருதாணிக் கால், தேவனின் கால் மாதிரியே இரண்டாம் விரல் நீளம். இரண்டாவது சுற்றில் எதிரிலிருந்த மயிலம்மாளைப் பார்த்தேன். அவர் என் கண்ணையே கவனித்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது சுற்றில்தான் எனக்கு அது புரிந்தது.

தேவனைத் தூக்கியபோது நான் பார்க்கவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, பார்க்கக்கூடாது என்று என்னைப் பின் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போவதைத்தான் கேட்டேன். அறையில் கட்டிலுக்கு மேலே என் பிடில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தந்தியைக்கூட நான் இழுக்கவில்லை. ஊருக்கெல்லாம் வாசிக்கிறவள், கட்டினவன் வீட்டைவிட்டுப் போகும்போது சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பத்தோரு வருஷமாக அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை, ரோகினியிடமும் சொன்னதில்லை.

ஆனால் ஐந்தாம் மாதம் திரும்பி வந்து நான் வாசித்த முதல் பாட்டே இதுதான். அதற்கப்புறம் எத்தனை மண்டபம், எத்தனை பந்தல். பெட்டியைத் தூக்குகிற நேரத்துப் பாட்டைத் தெரியாமலேயே அவருக்கு வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். என் கை அவரைச் சும்மா அனுப்பவில்லை.

அழுகை வந்தது. வாக்குக் கொடுத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ரோகினியும் குணாளனும் மூன்றாவது சுற்றை முடித்து நின்றார்கள். இராஜமாணிக்கம் அண்ணன் நிறுத்தச் சொல்லித் தலையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி வில்லைப் போட்டார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நிற்கட்டும். மூன்று சுற்று அவர்களுக்கு வாசித்தாயிற்று. நாலாவது தேவனுக்கு, இந்தத் தடவை தெரிந்தே வாசித்தேன்.